வீரர் முகவர் தொழில்: அனுமதிப்பத்திரம் பெறுவது எப்படி?

முகவர் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்தான். சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் ஆட்களை அனுப்பும் முகவர் நிலையங்களை அறியாத ஊர் இல்லை. அனுமதிப்பத்திரம் உள்ள முகவர் யார், அவரது பெயரைச் சொல்லிக்கொண்டு வீடு வீடாக வரும் உப முகவர் யார் என்று பிரித்தறியாமல் கடவுச்சீட்டையும் காசையும் கொடுத்துவிட்டு அலைந்த குடும்பங்களும் நம்மிடையே ஏராளம்.

உதைபந்தாட்ட உலகிலும் முகவர்கள் இருக்கின்றார்கள். அங்கும் அனுமதிப்பத்திரம் உண்டு, உப முகவர் போன்றோரும் உண்டு, ஏமாந்த குடும்பங்களும் உண்டு. புத்தளம், பேருவளை, கல்முனை, மன்னார், கொழும்பு கொம்பனித்தெரு என உதைபந்தாட்டத்தோடு வளர்ந்த நமது ஊர்களில், விளையாட்டை நன்கு அறிந்த, ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இளைஞர்கள் பலர் இத்தொழிலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியுள்ளனர். அவர்களுக்காகவும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்காகவும் இவ்வாரம் இத்தொழிலைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முகவரின் வேலை என்ன?

வீரர் ஒருவருக்கும் கழகம் ஒன்றுக்கும் இடையில் ஒப்பந்தம் பேசி முடிப்பதும், வீரர் ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்கு மாறும்போது அதற்கான பேச்சுவார்த்தையை நடத்துவதும் முகவரின் பிரதான வேலையாகும். சம்பளம், வெற்றிக் கொடுப்பனவு, தங்குமிடம், விமானச்சீட்டு, காயமடைந்தால் சிகிச்சைச் செலவு, ஒப்பந்தம் முறிந்தால் இழப்பீடு ஆகிய எல்லாவற்றையும் வீரருக்காகப் பேசுபவர் இவரே. பயிற்றுநர்களுக்காகவும், கழகங்களின் சார்பிலும் முகவர்கள் செயற்படுவதுண்டு. இதற்குப் பகரமாக அவர் பெறுவது தரகுக் கட்டணம் ஆகும்.

ஒரு காலத்தில் இது ஒரு சிலரின் தொழிலாக மாத்திரமே இருந்தது. 1995 டிசெம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜியம் நாட்டு வீரர் ஜீன்-மார்க் பொஸ்மனின் வழக்கில் வழங்கிய தீர்ப்பு நிலைமையை மாற்றியது. ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மாற்றுக் கட்டணம் எதுவுமின்றி வேறு கழகத்துக்குச் செல்லலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதன்பின் பேரம் பேசும் பலம் வீரரின் கைக்கு வந்தது. பேரம் பேசத் தெரிந்தவரின் தேவையும் கூடியது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் சர்வதேச வீரர் மாற்றங்களுக்காக உலகக் கழகங்கள் முகவர்களுக்குச் செலுத்திய கட்டணம் ஏறத்தாழ 888 மில்லியன் அமெரிக்க டொலர் என உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா அறிவித்தது.

இத்தொகையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இதன் பெரும் பகுதி விலையுயர்ந்த சில வீரர்களையும் அவர்களது முகவர்களையுமே சுற்றி வருகின்றது. அடிமட்டத்தில் கணக்கு வேறு. அதைப் பின்னர் பார்ப்போம்.

அனுமதிப்பத்திரம் வந்த கதை

1990களிலேயே பீபா முகவர்களுக்கான அனுமதிப்பத்திர முறையை ஆரம்பித்துவிட்டது. 2001இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒவ்வொரு நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனமும் பரீட்சை நடத்தி அனுமதிப்பத்திரம் வழங்கியது. சித்தியடைந்தவர் தொழில்சார் காப்புறுதி ஒன்றைப் பெற வேண்டும், அல்லது 100,000 சுவிஸ் பிராங் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். சாதாரண மனிதருக்கு இது எளிதான காரியமல்ல.

ஆனால், பெரும்பாலான சர்வதேச மாற்றங்கள் அனுமதிப்பத்திரம் இல்லாதோர் ஊடாகவே நடைபெறுவதாக பீபா கண்டது. எனவே 2015 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் அனுமதிப்பத்திர முறையே கைவிடப்பட்டது. யாரும் இடைத்தரகராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றானது. கதவைத் திறந்துவிட்டதன் பலன் எதிர்பார்த்ததுபோல் அமையவில்லை. தகுதியற்றோர் பெருகினர், கட்டணங்களும் ஏறின.

2022 டிசெம்பர் 16ஆம் திகதி பீபா பேரவை புதிய உதைபந்தாட்ட முகவர் ஒழுங்குவிதிகளை அங்கீகரித்தது. 2023 ஜனவரி 9 முதல் அனுமதிப்பத்திரம் தொடர்பான பகுதியும், அதே ஆண்டு ஒக்டோபர் 1 முதல் ஏனைய பகுதிகளும் நடைமுறைக்கு வந்தன. அனுமதிப்பத்திரமும் பரீட்சையும் மீண்டும் வந்தன. இம்முறை அனுமதிப்பத்திரத்தை வழங்குவது நாட்டுச் சம்மேளனம் அல்ல, பீபாவே. ஓர் அனுமதிப்பத்திரம் உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும்.

முன்னைய விதிகளில் தந்தை, சகோதரர், மனைவி போன்ற நெருங்கிய உறவினருக்கும் சட்டத்தரணிகளுக்கும் விலக்கு இருந்தது. புதிய விதிகளில் அது இல்லை. மகனுக்காக வெளிநாட்டுக் கழகத்துடன் முகவர் வேலை பார்க்க விரும்பும் தந்தைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டத்தரணி ஒருவர் ஒப்பந்தத்தை வாசித்துச் சட்ட ஆலோசனை வழங்கலாம். முகவராகப் பேரம் பேசுவதாயின் அவரும் பரீட்சை எழுத வேண்டும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

பட்டம் தேவையில்லை. முன்னாள் வீரராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அனுமதிப்பத்திரம் தனி மனிதருக்கே வழங்கப்படும். நிறுவனம் ஒன்றை அமைத்து அதனூடாகத் தொழில் செய்யலாம், ஆயினும் நிறுவனத்தின் பெயரில் அனுமதிப்பத்திரம் கிடையாது. நிறுவனத்தில் வேலை செய்யும் அனுமதிப்பத்திரம் அற்ற ஒருவர் வீரர்களை அணுகி முகவர் வேலை பார்க்கவும் முடியாது.

விண்ணப்பதாரியிடம் எதிர்பார்க்கப்படும் நிபந்தனைகளுள் முக்கியமானவை வருமாறு:

1. மோசடி, இலஞ்சம், பணத் தூய்தாக்கல், வரி ஏய்ப்பு, போதைப்பொருள் கடத்தல், போலி ஆவணம் தயாரித்தல், ஆட்ட நிர்ணயம், பாலியல் துஷ்பிரயோகம், வன்முறை, சிறுவர் கடத்தல் முதலான குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது.

2. விளையாட்டு அமைப்பு அல்லது ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றினால் ஒழுக்கக் காரணங்களுக்காக இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் தடை செய்யப்பட்டிருக்கக் கூடாது.

3. விண்ணப்பிப்பதற்கு முந்திய ஐந்து வருடங்களுக்குள் வங்குரோத்து ஆகியிருக்கக் கூடாது.

4. முந்திய 12 மாதங்களுக்குள் விளையாட்டுப் பந்தய நிறுவனம் எதிலும் பங்கு வைத்திருக்கக் கூடாது.

5. முந்திய 24 மாதங்களுக்குள் அனுமதிப்பத்திரம் இன்றி முகவர் வேலை செய்திருக்கக் கூடாது.

6. கழகம், லீக், நாட்டுச் சம்மேளனம் ஆகியவற்றின் உத்தியோகத்தராகவோ ஊழியராகவோ இருக்கக் கூடாது. கழகத்திலோ உதைபந்தாட்டப் பயிற்சிக் கல்லூரியிலோ உரிமைப் பங்கு வைத்திருக்கவும் கூடாது.

இறுதி நிபந்தனையை நமது வாசகர்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டும். நமது ஊர்களில் இத்தொழிலுக்குப் பொருத்தமானவர் யார் என்று கேட்டால், கழகச் செயலாளரையும் பயிற்றுநரையும் லீக்கின் பொருளாளரையும்தான் சுட்டிக்காட்டுவார்கள். வீரர்களை அறிந்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் பதவியில் இருந்துகொண்டு முகவராக முடியாது. ஒரே ஆள் கழகத்துக்காக வீரரை விற்பவராகவும் வீரருக்காகப் பேசுபவராகவும் இருந்தால், வீரர் யாரை நம்புவது? எனவே விண்ணப்பத்தை நிரப்பும் முன்னர் பதவியா தொழிலா என்று தீர்மானித்துவிட வேண்டும்.

பரீட்சை எப்படி இருக்கும்?

விண்ணப்பம் பீபாவின் முகவர் இணையத்தளத்தினூடாகவே அனுப்பப்பட வேண்டும். முதலாவது பரீட்சை 2023 ஏப்ரல் 19ஆம் திகதி நாட்டுச் சம்மேளனங்களின் மண்டபங்களில் நடைபெற்றது. 2025இல் இது இணையவழிப் பரீட்சையாக மாற்றப்பட்டது. விண்ணப்ப முடிவுத் திகதியும் முறையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றை அவ்வப்போது அதே தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2023இல் வினாத்தாள் பின்வருமாறு அமைந்தது: 20 பல்தேர்வு வினாக்கள், 60 நிமிடங்கள், சித்தியடைய 75 சதவீதம், அதாவது 20இல் 15 சரியான விடைகள். மொழி ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகியவற்றுள் ஒன்று. தமிழிலோ சிங்களத்திலோ எழுத முடியாது. எனவே ஆங்கில வாசிப்பு வேகம் அவசியம். ஒரு வினாவுக்கு மூன்று நிமிடம்தான். சட்ட வாசகங்களை மெதுவாக வாசிப்பவருக்கு நேரம் போதாமற் போகும்.

முதலாவது பரீட்சையில் தோற்றியோரில் பாதிக்குச் சற்று அதிகமானோரே சித்தியடைந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் நடந்த இரண்டாவது பரீட்சையில் அந்த அளவு வெகுவாகக் குறைந்தது. ஆட்டத்தைப் பற்றிய அறிவு இங்கே கைகொடுக்காது. உலகக் கிண்ணத்தை யார் வென்றார், யார் கோல் அடித்தார் என்று கேட்கமாட்டார்கள். கேட்கப்படுவதெல்லாம் சட்டம். முகவர் ஒழுங்குவிதிகள், வீரர்களின் அந்தஸ்து மற்றும் மாற்றம் பற்றிய ஒழுங்குவிதிகள், பீபா யாப்பு, ஒழுக்கக் கோவை, ஒழுக்காற்றுக் கோவை, உதைபந்தாட்டத் தீர்ப்பாயத்தின் நடைமுறை விதிகள், கொடுப்பனவுத் தீர்வக விதிகள், சிறுவர் பாதுகாப்புக் கையேடு ஆகியவை பாடத்திட்டத்தில் அடங்கும். இவை அனைத்தையும் பீபா இலவசமாக வெளியிடுகின்றது. எனவே ஆயிரக்கணக்கில் பணம் பெற்றுக்கொண்டு "சித்தி நிச்சயம்" என விளம்பரம் செய்யும் வகுப்புகளைத் தேடி ஓட வேண்டிய தேவையில்லை.

வினாக்களின் போக்கைப் புரிந்துகொள்ள மூன்று பயிற்சி வினாக்களைப் பார்ப்போம்.

வினா 1: ஒரு வீரரின் ஒப்பந்தம் ஜூன் 30ஆம் திகதி முடிவடைகின்றது. பெப்ரவரி மாதம் வேறொரு கழகம் அவருடன் அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் பேச விரும்புகின்றது. பேசலாமா?

விடை: பேசலாம். ஒப்பந்தம் முடிவடைய ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது வீரர் புதிய கழகத்துடன் ஒப்பந்தம் செய்ய உரிமையுடையவர். ஆயினும் பேச்சைத் தொடங்கும் முன்னர் புதிய கழகம் தற்போதைய கழகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாம் பகுதியையே.

வினா 2: வெளிநாட்டுக் கழகம் ஒன்று வீரருக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடலாமா?

விடை: உடனே திரும்பக் கூடாது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய திகதியில் கிடைக்காவிட்டால், கழகம் கடனில் உள்ளது என்பதை எழுத்து மூலம் அறிவித்து, பணம் செலுத்தக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதன்பின்னும் செலுத்தாவிட்டால் நியாயமான காரணத்தின் பேரில் ஒப்பந்தத்தை முடிவுறுத்தலாம், இழப்பீடும் கோரலாம். அறிவித்தல் கொடுக்காமல் விமானம் ஏறினால், ஒப்பந்தத்தை முறித்தவர் வீரர்தான் என்று கழகம் வழக்காடும். ஒரு கடிதம் எழுதத் தெரிந்த முகவர் எவ்வளவு பெறுமதியானவர் என்பது இதிலிருந்து விளங்கும்.

வினா 3: பதினேழு வயதான இலங்கைச் சிறுவனைக் கட்டார் கழகம் ஒன்று பதிவு செய்ய விரும்புகின்றது. தந்தையும் சம்மதிக்கின்றார். முடியுமா?

விடை: பொதுவாக முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் சர்வதேச மாற்றத்தை பீபா தடை செய்துள்ளது. பெற்றோரின் சம்மதம் இத்தடையை நீக்காது. ஒரு சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றுள் நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, உதைபந்தாட்டத்துடன் தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்நாட்டில் குடியேறியிருத்தல் ஆகும். தந்தை தொழில் நிமித்தம் டோஹாவில் வசிக்க, குடும்பமும் அங்கே இருப்பின், பீபாவின் அனுமதியுடன் பிள்ளையைப் பதிவு செய்ய இடமுண்டு. பிள்ளையின் உதைபந்தாட்டத்துக்காகவே தந்தைக்கு அங்கு ஒரு வேலையைத் தேடிக்கொடுத்தால் அது விதிவிலக்கில் அடங்காது.

வீரருடன் செய்யும் உடன்படிக்கை

சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் பெற்ற பின்னர், வீரருடன் பிரதிநிதித்துவ உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. இரு தரப்பினரின் பெயர், கால எல்லை, கட்டணம், செய்யப்படும் சேவை, கையொப்பம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். வீரருடனான உடன்படிக்கை இரண்டு வருடங்களுக்கு மேற்படக் கூடாது, தானாகப் புதுப்பிக்கப்படவும் கூடாது. கையொப்பமிடும் முன்னர், சுயாதீனமான சட்ட ஆலோசனை பெறுவது பற்றி யோசிக்குமாறு வீரருக்கு எழுத்து மூலம் அறிவிப்பதும் முகவரின் கடமை. இன்னொரு முகவருடன் தனியுரிமை உடன்படிக்கை செய்துள்ள வீரரை, அவ்வுடன்படிக்கையின் கடைசி இரண்டு மாதங்களுக்கு முன்னர் அணுகவும் கூடாது.

சிறுவர்கள் விடயத்தில் விதிகள் மேலும் இறுக்கமானவை. அந்நாட்டில் முதலாவது தொழில்சார் ஒப்பந்தம் செய்யக்கூடிய வயதுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னர் முகவர் அவர்களை அணுக முடியாது. பாதுகாவலரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சிறுவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்துவதற்கென்றே உள்ள பயிற்சி நெறியையும் முகவர் முடித்திருக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம்

2023இல் பீபா நிர்ணயித்த அனுமதிப்பத்திரக் கட்டணம் ஆண்டுக்கு 600 அமெரிக்க டொலர் ஆகும். இது ஒரு முறை செலுத்திவிட்டு மறந்துவிடும் கட்டணம் அல்ல. ஆண்டுதோறும் செலுத்த வேண்டும், தொடர் கல்வியையும் பூர்த்தி செய்ய வேண்டும். தவறினால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும்.

வருமானம் எவ்வளவு? அதே விதிகளில் கட்டண உச்ச வரம்பு ஒன்று வகுக்கப்பட்டது. வீரரின் ஆண்டுச் சம்பளம் 200,000 டொலர் வரையாயின், வீரரின் முகவருக்கு அதில் 5 சதவீதம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம். உதாரணமாக 250,000 டொலர் பெறும் வீரரின் முகவருக்கு முதல் 200,000க்கு 10,000 டொலரும், மிகுதி 50,000க்கு 1,500 டொலரும், மொத்தம் 11,500 டொலர் கிடைக்கும்.

இனி நமக்கு எட்டக்கூடிய சந்தையைப் பார்ப்போம். இலங்கை வீரர்கள் நீண்ட காலமாக மாலைதீவுக் கழகங்களில் விளையாடி வந்துள்ளனர். மாதம் 1,000 டொலர் சம்பளத்தில் ஒரு வீரரை நீங்கள் அங்கே சேர்த்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதமும் சம்பளம் கிடைத்தால் ஆண்டுக்கு 12,000 டொலர். அதில் 5 சதவீதம் 600 டொலர். ஆக, முதலாவது வீரர் உழைத்துத் தருவது உங்கள் அனுமதிப்பத்திரக் கட்டணத்தை மாத்திரமே. தொலைபேசி, பயணம், காணொளித் தயாரிப்பு, சட்டத்தரணி ஆகிய செலவுகளுக்கு இரண்டாவது, மூன்றாவது வீரர் வேண்டும். வீட்டுச் செலவுக்கு பத்தாவது, பதினைந்தாவது வீரர் வேண்டும். அத்தனை பேரையும் சேர்க்கச் சில வருடங்கள் செல்லும். எனவே வேறு தொழில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

கட்டண வரம்பு தொடர்பில் ஒரு முக்கிய குறிப்பு. முகவர்கள் இதற்கு எதிராகப் பல நாடுகளில் வழக்குத் தொடர்ந்தனர். ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நீதிமன்றம் 2023 மே 24ஆம் திகதி தடையுத்தரவு வழங்கியது. விவகாரம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. இதனையடுத்து 2023 டிசெம்பர் 30ஆம் திகதி பீபா கட்டண வரம்பையும், கட்டணத்தை யார் செலுத்துவது, இரு தரப்புக்கும் ஒரே முகவர் செயற்படலாமா என்பன பற்றிய விதிகளையும் உலகளாவிய ரீதியில் இடைநிறுத்தியது. அனுமதிப்பத்திரமும் பரீட்சையும் இடைநிறுத்தப்படவில்லை. எனவே உடன்படிக்கையில் சதவீதத்தை எழுதும் முன்னர் அன்றைய நிலைமையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1,000 டொலர் சம்பளக்காரரிடமிருந்து நியாயமாகப் பெறக்கூடியது அவ்வளவு அதிகமல்ல.

ஆபத்து எங்கே உள்ளது?

மேலே சொன்ன கணக்கில்தான் இத்தொழிலின் ஆபத்தும் இருக்கின்றது. நேர்மையான வழியில் ஆரம்ப வருமானம் குறைவு. எனவே சிலர் குறுக்கு வழியைத் தேடுகின்றனர். வீரருக்குச் சம்பளம் எடுத்துக்கொடுத்து அதில் ஒரு பங்கைப் பெறுவதற்குப் பதிலாக, வீரரிடமே முன்கூட்டிப் பணம் வாங்குகின்றனர். தெரிவுப் பரீட்சைக் கட்டணம், விசாக் கட்டணம், பதிவுக் கட்டணம் என அதற்குப் பல பெயர்கள். காணியை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் கொடுக்கின்றனர்.

இது கற்பனை அல்ல. ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் தெருவில் கைவிடப்பட்ட சிறுவர்களுக்கு உதவுவதற்கென்றே, கெமரூன் நாட்டின் முன்னாள் தேசிய வீரர் ஜீன்-கிளோட் முபூமின் பிரான்ஸில் பூட் சோலிடேர் எனும் அமைப்பை உருவாக்கினார். 2015இல் லாவோஸ் நாட்டில், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் பயிற்சிக் கல்லூரி என்ற பெயரில் வைக்கப்பட்டிருந்ததை பிபிசி வெளிப்படுத்தியது. தொழில்சார் வீரர்களின் சர்வதேசச் சங்கமான பிப்ப்ரோ தலையிட்ட பின்னரே அவர்களில் பலர் வீடு திரும்பினர். ஆசியாவிலும் இது நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சம்பளத்தில் ஒரு பங்குதான் முகவரின் கட்டணம். சம்பளமே கிடைக்காதவரிடம் கட்டணம் இருக்க முடியாது. இந்த ஒரு வரியை முகவராக வர விரும்புபவரும் பிள்ளையின் பெற்றோரும் மனனமிட்டுக்கொண்டால் போதும், ஏமாற்றுக்காரரை அடையாளம் காணப் பெரிய சட்ட அறிவு தேவைப்படாது.

பெற்றோர் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. உங்கள் பெயர் பீபாவின் முகவர் பட்டியலில் உள்ளதா? பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே உள்ளது. வேறொருவரின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி "நான் அவருடைய ஆள்" என்று சொன்னால் அவர் உப முகவர்தான்.

2. உடன்படிக்கை எழுத்தில் உள்ளதா? அதன் பிரதி எங்களுக்குக் கிடைக்குமா?

3. அழைக்கும் கழகத்தின் கடிதம் எங்கே? அக்கழகத்தை நாங்களே நேரடியாகத் தொடர்புகொண்டு விசாரிக்கலாமா?

4. பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லையே, எந்த விதிவிலக்கின் கீழ் அழைத்துச் செல்கின்றீர்கள்?

5. எதற்காக இப்போதே பணம் கேட்கின்றீர்கள்?

நேர்மையான முகவர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். அவரே முந்திக்கொண்டு விடை சொல்வார்.

தொடங்க விரும்புவோருக்கு

முதலில் ஆறு மாதம் படியுங்கள். வீரர் மாற்ற ஒழுங்குவிதிகளை ஒவ்வொரு பிரிவாக வாசித்து, மேலே காட்டியதுபோல் வினாக்களை நீங்களே உருவாக்கி விடை எழுதிப் பாருங்கள். விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால் புதிய பதிப்பையே படிக்க வேண்டும். 2024 ஒக்டோபர் 4ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் லசானா டியாராவின் வழக்கில் வழங்கிய தீர்ப்பின் பின்னர், ஒப்பந்த முறிவு பற்றிய பிரிவுகளே மாற்றப்பட்டன. பழைய குறிப்புகளை வைத்துப் படித்தவர் பிழையான விடையே எழுதுவார்.

இக்காலத்தில் அனுமதிப்பத்திரம் இன்றி எந்த வீரருக்காகவும் பேசப் போகாதீர்கள். "சும்மா ஓர் உதவிதானே" என்று செய்தது, 24 மாத நிபந்தனையின் கீழ் உங்கள் விண்ணப்பத்தையே நிராகரிக்கச் செய்யலாம். மாறாக ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுங்கள். வீரரின் வயது, நிலை, காயங்கள், ஒப்பந்த நிலை ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள். அயல்நாட்டுக் கழகங்களுக்கு எந்த நிலையில் ஆள் தேவை என்பதை அவதானியுங்கள்.

பரீட்சையில் சித்தியடைந்த பின், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து, தொழிலுக்கெனத் தனியான வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தரகுக்கும் வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டும். வீரரின் பணமும் உங்கள் பணமும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது. வீரரின் சம்பளம் வீரரின் கணக்குக்கே நேரடியாகச் செல்லட்டும். அது உங்கள் கையால் போகும் நிலை வந்தால் அது அமானிதம், ஒரு சதமும் குறையக் கூடாது.

உள்ளூர்க் கழகங்களும் இதில் ஒரு பாடத்தைக் கற்கலாம். வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்துக்குள் மாற்றுக் கட்டணத்துடன் சர்வதேச மாற்றம் பெறும்போது, அக்கட்டணத்தின் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்கு ஒருமைப்பாட்டுக் கொடுப்பனவாகப் பகிரப்பட வேண்டும் என்பது பீபா விதி. இதைப் பெறுவதற்கு வீரரின் பதிவு விபரங்கள் வருட வாரியாகச் சரியாக இருக்க வேண்டும். பதிவுப் புத்தகம் ஒழுங்காக இல்லாத கழகம், தான் வளர்த்த வீரருக்காக எதையும் கோர முடியாது.

நாட்டுச் சூழலையும் மறந்துவிடக் கூடாது. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கைச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியிருந்தது. தேசிய அணியும் கழகங்களும் சர்வதேசப் போட்டிகளில் பங்குபற்ற முடியாதிருந்தது. வெளிநாட்டுக் கழகங்கள் நமது வீரர்களைப் பார்ப்பது அத்தகைய போட்டிகளில்தான். ஒரு நாட்டை மாத்திரம் நம்பித் தொழில் செய்பவருக்கு இதுபோன்ற காலத்தில் வருமானம் நின்றுவிடும். எனவே மாலைதீவு, இந்தியா, பங்களாதேஷ், வளைகுடா நாடுகள் எனத் தொடர்புகளை விரித்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சையில் 20க்கு 15 எடுப்பவர் அனுமதிப்பத்திரம் பெறுவார். அதை வைத்துத் தொழில் நடத்துவதற்கு, மாதம் 1,000 டொலர் உழைக்கும் ஒரு வீரர் அடுத்த வருடமும் உங்களிடமே திரும்பி வர வேண்டும். அவர் வந்தால், தம்பியையும் கூட்டாளியையும் அழைத்து வருவார். இத்தொழிலில் வாடிக்கையாளர் சேர்வது அவ்வாறுதான்.